மதியானத்துச் சுகி

கம்பெனி பஸ் பொன்னேரி வருவதற்குள் அன்று நன்றாக இருட்டிவிட்டது. சுகிர்தா கை கால் கழுவிக்கொண்டு நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனாள். இம்மானுவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல மாதங்களாக அந்த முகத்தில் காணாத ஒரு தெளிவு.

"இன்னா நைனா, சாப்ட்டியா?"

"ஆச்சும்மா. மதியானம் நீ வந்து கூட நடந்தியே, மனசுக்கு எவ்ளோ இதமா இருந்துச்சு தெரியுமா."

"நான் எங்க வந்தேன்? கும்மிடிப்பூண்டில லைன்ல நின்னுக்கினு இருந்தேன்."

"இங்க இல்லம்மா, ஏரிக்கு." தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த செல்போனை வலது கையால் தொட்டுக் காட்டினார்.

அந்த ஏரி செல்போனுக்குள் இருந்தது. அதைக் கட்டியவள் சுகிர்தா. போன வருஷம் பக்கவாதம் வந்து இம்மானுவேலின் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. அதற்கு முன் தினமும் விடிகாலையில் ஏரிக்கரை மேல் ஒரு நடை போய்விட்டு வந்தால்தான் அவருக்கு நாஷ்டா இறங்கும். படுத்த பிறகு ஒரு நாள், "கால் போனா போவுது. அந்தக் கரை மேல நடக்கிற மாதிரி ஒரு கனா கூட வர மாட்டேங்குது" என்று அவர் சொன்னது மகள் காதில் விழுந்தது. பில்டோரா என்றொரு விளையாட்டுத் தளம் உண்டு. அதில் மற்றவர்கள் கட்டிய இடங்களில் விளையாடலாம், நாமே ஓர் இடத்தைக் கட்டவும் செய்யலாம். சுகிர்தா மாதக்கணக்காக உட்கார்ந்து கட்டினாள். நீளமான மண்கரை, பனை வரிசை, மதகு, படித்துறை, ஒரு வேம்பு. அப்பா செல்போனில் கட்டைவிரலால் தள்ளினால் வெள்ளை வேட்டி கட்டிய சின்ன உருவம் ஒன்று கரை மேல் நடக்கும். தலைக்கு மேல் அவர் பெயர் மிதக்கும். அவளுக்கும் ஓர் உருவம் இருந்தது. கம்பெனியில் போடும் நீலக் கோட்டு, ஒற்றைப் பின்னல், மேலே 'சுகி' என்ற பெயர்.

அந்தச் சுகிதான் மதியானம் வந்து நடந்தாளாம்.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாவி அவள் கோட்டுப் பையில் இருக்கும். மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த குணசுந்தரியிடம் சொன்னாள். அவளும் அதே லைனில் வேலை செய்பவள்.

"எங்க மாமனாருக்கும் ஸ்ட்ரோக் வந்துச்சுடி. செத்துப்போன எருமைக்குத் தண்ணி வச்சீங்களான்னு கேப்பாரு. நீ ஏன் இதுக்குப் போய் பேஜாராவற? வயசானவரு, தனியா கிடக்காரு."

தனியாகக் கிடக்கிறார் என்பது உண்மைதான். அம்மா ஆரோக்கியமேரிக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனால், பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுத்தான் திரும்புவாள். நடுவில் வீட்டில் ஒரு குரல் கேட்காது. மனம் எதையாவது கற்பித்துக்கொண்டிருக்கும் என்று சுகிர்தா தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

ஆனால் அப்பா தினமும் சொன்னார். ஒரு நாள், "ஏம்மா, வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிற?" என்று கேட்டார். இன்னொரு நாள், "வேப்பமரத்தாண்ட எனக்கோசரம் காத்துக்கினு நின்ன பாரு, அப்ப உங்க அம்மா சாடை அப்படியே இருந்துச்சு" என்றார். இரவு ஜெபத்தில், மதியானம் கூட நடக்கிற மகளுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். கண்ணை மூடியிருந்த ஆரோக்கியமேரி ஒரு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். 

அப்புறம்தான் ஒரு சாயங்காலம் அப்பா, "பனைமரத்தையெல்லாம் ஏம்மா எடுத்துட்ட?" என்று கேட்டார்.

அவர் போனை வாங்கிப் பார்த்தாள். வடக்குக் கரை மொட்டையாக இருந்தது. ஒரு பனைகூட இல்லை. படித்துறையில் பாதிப் படிகள் பிடுங்கப்பட்டிருந்தன. இது கற்பனை இல்லை. அவள் கண்ணே பார்த்தது.

"மதியானம் உன்னைக் கேட்டேன். நீ பதிலே சொல்லல. மரம் இருந்த எடத்துல போய் நின்னுக்கினே இருந்த" என்றார் அப்பா.

இடத்தில் எதையாவது மாற்ற வேண்டுமானால் அவள் பெயரில்தான் உள்ளே போக முடியும். ஆகவே யாரோ அவளாக உள்ளே போகிறார்கள். அப்படி நினைத்ததுமே, மூடி வைத்த ஒரு பழைய சண்டை அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவளிடம் இருந்தது பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அதில் விண்டோஸ் திறப்பதற்குள் சோறு வடித்துவிடலாம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் என்றால் ஓடும். ஆனால் பில்டோராவில் இடம் கட்டுகிற ஸ்டுடியோ விண்டோஸுக்கென்று மட்டுமே செய்யப்பட்டது. அதை லினக்ஸ் மேல் ஏற்றி ஓட்ட, காசு வாங்காமல் சில பேர் சேர்ந்து எழுதிய மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் பெயர் தோணி. அதைப் பயன்படுத்தும் தமிழ் ஆட்களுக்கான டெலிகிராம் குழுதான் தோணித்துறை. அதை நடத்தியவர் ஆதிநாராயணன். திருவாலங்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். உதவி கேட்டு வந்தவனிடம் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "வழிகாட்டியைப் படிச்சியா?" என்பது. படிக்கவில்லை என்றால் அதோடு சரி.

சில மாதங்களுக்கு முன் பில்டோரா தன் ஸ்டுடியோவை மாற்றியது. தோணி கவிழ்ந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற ஜன்னல் வெறும் வெள்ளையாக நின்றது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள், புதியவர்கள் எல்லாரும் வெளியே. குழுவில் கூச்சல். ஓசியில் செய்து கொடுப்பவனுக்கு இவ்வளவு திமிரா என்று ஒருவன். ஓசியில் வாங்குகிறவனுக்கு இவ்வளவு வாயா என்று ஆதிநாராயணன். விண்டோஸ் வாங்க முடியாதவனுக்கு விளையாட்டு ஒரு கேடா என்று எங்கிருந்தோ ஒரு குரல். சுகிர்தாவுக்கு மனசு கேட்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததால் அவளுடைய ஸ்டுடியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை, அது இருந்த ஃபோல்டரோடு அப்படியே சுருட்டிக் குழுவில் போட்டாள். பக்கத்து வீட்டில் தயிருக்கு உறை கேட்டால் ஒரு கரண்டி எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் அவள் அதை நினைத்தாள்.

ஆதிநாராயணன் அதை உடனே எடுத்துவிட்டார். எல்லாரும் பார்க்கும்படி எழுதினார்: "இன்னாமா சுகி, ஊட்டு சாவியை வாசல்ல மாட்டிட்டு ஊருக்கே வழி சொல்றியா? இனிமே எவனும் இந்த வேலை செய்யக் கூடாது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் படிக்கப் பிடிக்காமல் எந்தச் செய்தி வந்தாலும் தெரியாதபடி குழுவையும் அவரையும் சேர்த்தே மியூட்டில் போட்டுவிட்டாள். பாதிப் பேர் அவள் பக்கம் நியாயம் பேசிக்கொண்டு பிரிந்து போய்ப் புதுக் குழு தொடங்கினார்கள். நீயே இதற்குத் தலைவியாக இரு என்று அவளை அழைத்தார்கள். அவள் பதில் போடவில்லை.

இப்போது மொட்டைக் கரையைப் பார்க்கும்போதுதான் அந்தச் சாவி என்ற சொல் அவளுக்கு உறைத்தது. அவள் பெயரில் உள்ளே போகிற அனுமதியும் அந்த ஃபோல்டரோடு சேர்ந்தே போயிருக்கிறது.

அன்றிரவே சரிசெய்ய நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை, தூங்கிவிட்டாள். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது பனைகள் திரும்ப நின்றன. படிகளும் இருந்தன. ஆனால் அவள் வைத்த பனைகள் அல்ல. எல்லாம் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்து, ஒரே மரத்தை வரிசையாக நிறுத்தின மாதிரி இருந்தன. படித்துறையில் கடைசிப் படி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் அவள் கையைக் கடன் வாங்கி வேலை செய்த மாதிரி இருந்தது. அந்த ஏரியைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆதிநாராயணனுக்கு எழுதினாள். இரண்டு நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"சுகியாமா? இன்னிக்குத் தான் இந்தப் பக்கம் ஞாபகம் வந்துச்சா?"

"அண்ணே, யாரோ என் பேர்ல…"

"தெரியும். அன்னிக்கு நான் எடுக்கறதுக்குள்ளயே கொஞ்சம் பேர் இறக்கிட்டாங்க. உள்ள இன்னா கீதுன்னு நானும் இறக்கிப் பாத்தேன். தொறந்தா நேரா உன் ஏரில போய் நிக்கறேன், உன் பேர்ல. அப்பவே தனியா எழுதினேன். நீ தான் காதைப் பொத்திக்கினு கீறியே."

அவளுக்கு முகம் சுட்டது. "மரத்தை யாருண்ணே புடுங்கினது?"

"பிரிஞ்சி போன கூட்டத்துல ஒரு ஆளு. உனக்காக அவ்ளோ சண்டை போட்டோம், அவ எட்டிக்கூடப் பாக்கலன்னு காண்டு. புடுங்கினதை அவனே அந்தக் குழுல பீத்திக்கினான். பேர் சொல்லட்டா?"

"வேணாண்ணே. சொன்னா மனசுல நிக்கும்."

"சரி. திருப்பி நட்டது நான் தான். கடைல ஆள் இல்லாத நேரமாப் பாத்து நட்டேன். சாஞ்சி இருந்தா கண்டுக்காத, எனக்கு கட்ட வராது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணைக் காப்பி எடுத்து ஒட்டறது தான்."

அந்த முரட்டுக் குரலுக்குள் இப்படி ஒரு மனுஷன் இருந்திருக்கிறார். "ரொம்ப தேங்க்ஸ்ணே. மரத்துக்கு மட்டும் இல்ல. மதியானத்துல எங்க நைனா கூட நடந்தீங்களே, அதுக்கும். படுத்த படுக்கையா இருக்கறவரு. அந்த நேரத்துக்குத் தான் அவரு காத்துக்கினு இருக்காரு."

மறுமுனையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நடந்தேனா? நான் எங்கம்மா நடந்தேன்?"

"நீங்க இல்லன்னா அந்த ஆளா?"

"யாரும் நடக்க முடியாதும்மா. தோணில கட்டற பக்கம் மட்டும் தான் ஓடும். விளையாடற பக்கத்தைப் பில்டோராக்காரன் லினக்ஸுக்கு மொத்தமா பூட்டிட்டான். அந்த ஃபோல்டரை வச்சிக்கினு மரம் நடலாம், மரம் புடுங்கலாம். ஆளா எறங்கி நடக்க முடியாது. சாவியை மட்டும் உருவி வேற மெஷின்ல போட்டாலும் செல்லாது. நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க அப்பாவுக்கு கண்ணு நல்லா தெரியுதா?" என்றார்.

"தெரியுது."

"சரி, அதை வுடு. எல்லா இடத்துலேந்தும் வெளியேறுன்னு ஒரு பட்டன் கீது. அதை அமுக்கு. அத்தினி சாவியும் செத்துடும். ஆனா ஒண்ணு. உன் லேப்டாப்பும் வெளிய வந்துடும். உள்ள போற ஜன்னலை நான் இன்னும் சரி பண்ணல. எப்ப முடியும்னு தெரியாது. அதுவரைக்கும் ஏரில ஒரு கல்லைக்கூட நீ நகத்த முடியாது. அமுக்கலன்னா நாளைக்கு அவன் மரத்தோட நிக்க மாட்டான், ஏரியையே தூத்துடுவான்."

போனை வைத்த பிறகும் அவள் அமுக்கவில்லை. ஆதிநாராயணனுக்குத் தெரியாத ஏதோ ஒரு வழியில் யாரோ வந்து நடக்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சாவி செத்தால் அந்த ஆளும் போய்விடுவார். ஏரி மிஞ்சும், மதியானத்துத் துணை மிஞ்சாது. கட்டிலில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் வலது கட்டைவிரல் லேசாக அசைந்துகொண்டிருந்தது. தகப்பனுக்கு ஒரு பொய்யான மகள் துணை போதும் என்று விட்டுவிடலாமா? எவனோ ஒருவன் நினைத்தால் நாளைக்கே அழிந்துபோகிற கரையில் அவரை நடக்க விடலாமா? மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டு அமுக்கினாள். லேப்டாப்பில் ஏரி மறைந்தது. வெள்ளை ஜன்னல் வந்து நின்றது. அப்புறம் தன் போனில் மட்டும் மறுபடி உள்ளே போய்ப் பார்த்து, அதையும் அணைத்து வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் கேட்கத் தயங்கிக்கொண்டு நிற்கும்போதே அப்பா சொன்னார். "இன்னிக்கு ரொம்ப நேரம் இருந்தியேம்மா."

சுகிர்தா குழம்பைச் சுட வைக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள்.

அடுத்த நாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். வெயில் தெருவை வெள்ளையாக அடித்துப் போட்டிருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வள்ளூர்ப் பக்கம் அனல்மின் நிலையப் புகை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது. வீட்டுக்குள் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, நேர்லயே வந்துட்ட?" அப்பா சிரித்தார். பிறகு போனைப் பார்த்துவிட்டு, சிரிப்பு மாறாமல், "அப்ப இது யாரு?" என்று கேட்டார்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய போன் அணைந்துபோய் அவள் மடியில் கிடந்தது.

படித்துறையில் நீலக் கோட்டுப் போட்ட உருவம் நின்றது. ஒற்றைப் பின்னல். தலைக்கு மேல் 'சுகி'. அப்பாவின் வேட்டி உருவம் கரை மேல் ஏறியதும் அதுவும் ஏறியது. அவர் நடந்தால் நடந்தது. நின்றால் நின்றது. முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. எப்போதும் தண்ணீர்ப் பக்கமாகவே நடந்தது. தன்னுடைய முதுகைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பயங்கரம் என்று சுகிர்தாவுக்கு அதுவரை தெரியாது.

மதகு வந்தது. அங்கே கரையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. கட்டும்போது அவள் கணக்குத் தப்பி விட்ட ஓட்டை அது. அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான், மறந்தேபோனாள். நீல உருவம் இரண்டடி முன்னால் போய் அந்த ஓட்டைக்குள் இறங்கி அசையாமல் நின்றது. அதன் தோளும் தலையும் கரையோடு சமமாயின. வேட்டி உருவம் அதன் மேலே கால் வைத்துத் தாண்டிப் போயிற்று.

"மின்ன இங்க தான்மா விழுந்துடுவேன்" என்றார் இம்மானுவேல். "விழுந்தா திரும்ப மொதல்லேந்து நடக்கணும். பாதி நாள் மதகைத் தாண்டினதே இல்ல. நீ வந்து இப்படி நிக்க ஆரம்பிச்ச அப்புறம் தான் அந்தக் கோடி வரைக்கும் போறேன்."

"விழுந்தேன்னு என்கிட்ட ஏன் நைனா சொல்லல?"

"வேலை செஞ்சிட்டு அசந்து வர்ற. இதுக்கு ஒரு வேலையா?"

ஏரியை அவள் கட்டிக் கொடுத்தாள், உண்மைதான். ஆனால் ஒரு நாளாவது அந்தக் கரை மேல் அவரோடு நடந்ததில்லை. நடந்திருந்தால் முதல் நாளே இந்த ஓட்டை தெரிந்திருக்கும். இப்போதோ அதை அடைக்க வழியில்லை. ஒரு கல்லைக்கூட அவளால் நகர்த்த முடியாது. அங்கே ஒரு ஆள்தான் நிற்க வேண்டும்.

வேட்டி உருவம் கோடி வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சுகிர்தா தன் போனைப் போட்டாள். கர்த்தாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஏரிக்குள் நுழைந்தாள்.

அப்பாவின் திரையில் அவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்த உருவம் மறைந்தது. படித்துறையில் இவள் நின்றாள். கரையில் அவர் தனியே மதகை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவள் ஓடினாள். சாய்ந்த பனைகளைத் தாண்டி ஓடி, அவர் கால் வைப்பதற்குள் ஓட்டைக்குள் இறங்கி நின்றாள். வேட்டி உருவம் அவள் தோள் மேல் மிதித்துத் தாண்டியது.

"இன்னிக்கு இன்னா, கடைசில இப்படி ஓடி வர்ற?" என்றார் அப்பா.

"நேரமாயிடுச்சு நைனா."

"நாளைக்கும் வருவியா?"

"வரேன். சூப்பர்வைசர் கிட்ட முதல் ஷிப்ட் கேக்கறேன். மதியானத்துக்கு மேல ஊட்ல தான் இருப்பேன்."

ஓட்டையில் நின்றபடியே அவள் திரையைப் பார்த்தாள். தண்ணீரில் உருவங்களின் பிம்பம் விழுகிற மாதிரி அவள் அந்த ஏரியைக் கட்டவில்லை. பழைய லேப்டாப் அதைத் தாங்காது. ஆனாலும் அவள் காலடியில், பாசி நிறத் தண்ணீரில், நீலமாக ஒரு பிம்பம் இருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். அது நிற்கவில்லை. கரையோரமாகவே மெல்ல நடந்து, வேம்பைத் தாண்டி, படித்துறையின் கடைசிப் படியில் இறங்கிப் போயிற்று.

சுகிர்தா அதைக் கூப்பிடவில்லை. வலது கையால் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, அப்பா அடுத்த சுற்றுக்குத் திரும்பி வரும்வரை ஓட்டையிலேயே நின்றாள்.